பீடிகை யாருடையது?

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்துவடிவம்)



சில மாதங்களுக்கு முன் வகுப்பில் மணிமேகலை படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து கேட்டான். "சேர், சண்டை பிடிச்ச அந்த ரெண்டு அரசரும் பிறகு என்ன ஆச்சினம்?" அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. நூலைத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். சீத்தலைச் சாத்தனாரும் அதைச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கலாம் என்று நினைக்கிறேன். சமாதானத்தைப் பற்றியும், பகைத்தவர்கள் கூடி வாழ்வதைப் பற்றியும் பேச எனக்குத் தெரிந்த நல்ல வாசல் அதுதான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணிமேகலா தெய்வம் மணிமேகலையைப் புகார் நகரிலிருந்து எடுத்துச்சென்று மணிபல்லவம் என்ற தீவிலே விட்டுவிடுகிறது. கண் விழித்த பெண் தனிமையில் அழுது அலைகிறாள். அப்போது பளிங்கினால் ஆன ஒரு பீடிகை அவள் கண்ணில் படுகிறது. அது நிலத்திலிருந்து மூன்று முழ உயரம். ஒவ்வொரு பக்கமும் ஒன்பது முழ அகலம். இந்திரன் இட்ட ஆசனம் அது. நாகநாட்டை ஆண்ட அரசர் இருவர் முன்னொரு காலத்தில் அதன்மேல் ஆசைப்பட்டார்கள். இது எங்களுடையது என்று இருவரும் உரிமை கொண்டாடினார்கள். ஆனால் இருவராலும் அதைத் தூக்க முடியவில்லை. தூக்க முடியவில்லையே என்று விட்டுப்போகவும் மனம் வரவில்லை. படைகளோடு வந்து பொருதார்கள். அப்போது புத்தர் தோன்றி, போரை விடுங்கள், இது என்னுடையது என்று சொல்லி, அதிலே அமர்ந்து அறம் உரைத்தார் என்பது சாத்தனார் சொல்லும் வரலாறு.

இதே கதை மகாவம்சத்திலும் இருக்கிறது. பாளி மொழியில் எழுதப்பட்ட அந்த நூலின் முதலாவது அத்தியாயத்தில், புத்தர் இலங்கைக்கு இரண்டாவது தடவை வந்த நிகழ்ச்சியாக அது சொல்லப்படுகிறது. இடம் நாகதீபம். அரசர்களுக்கு அங்கே பெயரும் உண்டு, உறவுமுறையும் உண்டு. மகோதரன் தாய்மாமன்; சூளோதரன் மருமகன். சூளோதரனின் தாய்க்கு அவளுடைய தந்தை மணிகள் பதித்த ஓர் ஆசனத்தைக் கொடுத்திருந்தார். அவர் இறந்ததும், அது யாருக்கு என்று மாமனுக்கும் மருமகனுக்கும் போர் மூண்டது.

நேயர்களே, யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்த வழக்கை விளக்கவேண்டிய அவசியமில்லை. மகளுக்குக் கொடுத்த சீதனமா, மகனுக்கு வரவேண்டிய முதுசமா என்பதுதான் பிரச்சினை. தேசவழமைச் சட்டத்தின்கீழ் நமது நீதிமன்றங்களில் எத்தனையோ குடும்பங்கள் வழக்காடித் தேய்ந்த அதே பிரச்சினை. மகாவம்சம் எழுதிய தேரர், நாட்டைப் பிளக்கும் போர் ஒரு குடும்பத்தின் காணிச் சண்டையைப் போலத்தான் தொடங்குகிறது என்பதை அறிந்திருந்தார் போலும்.

மணிபல்லவமும் நாகதீபமும் ஒன்றே, அது இன்றைய நயினாதீவு என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். ஒப்பாதவர்களும் உண்டு. அந்த ஆராய்ச்சிக்குள் நான் இப்போது போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தமிழின் ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றும், சிங்கள மக்கள் தங்கள் வரலாற்றின் தலைநூலாகப் போற்றும் நூலும் ஒரே கதையை நினைவில் வைத்திருக்கின்றன. எங்களைப் பிரிப்பதற்கு ஆயிரம் மேற்கோள் காட்டப்படும் இரு நூல்களும் ஒருமித்துச் சொல்லும் கதை, ஒரு சண்டை நின்ற கதை.

ஆனால் இரண்டும் முற்றிலும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. மகாவம்சத்தில் அறம் கேட்ட இரு நாகரும் மனமிணங்கி அந்த ஆசனத்தைப் புத்தருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். புத்தரும் அதை எடுத்துச் செல்லவில்லை. எல்லோரும் வழிபடட்டும் என்று அங்கேயே விட்டுச் செல்கிறார். போருக்குத் துணையாகக் களனியிலிருந்து வந்த மணியக்கிகன் என்ற நாக அரசன், நீங்கள் வந்திராவிட்டால் நாங்கள் எல்லோரும் சாம்பலாகியிருப்போம் என்ற கருத்துப்படப் பேசி, அவரைத் தன் ஊருக்கு அழைக்கிறான். சண்டைக்கு ஆள்சேர்க்க வந்தவன் விருந்துக்கு அழைத்துப் போகிறான். மணிமேகலையில் இந்த விபரம் இல்லை. பீடிகை மட்டும் நிற்கிறது. அரசர்கள் கதையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.

இரு நூலையும் சேர்த்துப் படித்தால் மாணவனின் கேள்விக்கு ஒரு விடை கிடைக்கலாம். ஆசனம் இருவரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. இருவருக்கும் அது இல்லாமலும் போகவில்லை. உடைமையாக இருந்தது பொதுவாக மாறிற்று.

இனி, கதையை விட்டு நான் வாழ்ந்த காலத்துக்கு வருகிறேன்.

என் ஊர் கீரிமலை. கடலுக்கு அருகே நன்னீர் ஊறும் கேணி. அதற்கு அண்மையில் நகுலேஸ்வரம். கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் இந்தத் தீர்த்தத்தில் நீராடி முகம் மாறினார் என்பது ஐதிகம். குதிரைமுகம் நீங்கப்பெற்ற மாருதப்புரவீகவல்லியின் கதையும் இதே நீரோடு சேர்ந்தது. மாவிட்டபுரத்தின் பெயரையும் அதனோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆடி அமாவாசையன்று தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்ய வருவார்கள். கேணியில் குளிக்க எல்லாச் சாதியினரும் எல்லாச் சமயத்தவரும் வந்து போனார்கள் என்று என் தகப்பனார் சொல்வார். யாழ்ப்பாணப் பட்டினத்து முஸ்லிம்கள் வண்டி பிடித்து வந்து குளித்துவிட்டுப் போவார்களாம்.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது எனக்குப் பத்து வயது. வலிகாமம் வடக்கு மக்களோடு நாங்களும் ஊரைவிட்டு ஓடினோம். அந்த ஆண்டு ஒக்டோபரில் நகுலேஸ்வரம் கோயில் வான்வழிக் குண்டுவீச்சுக்கு இலக்காகி அழிந்தது. அதே ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துள் ஊரைவிட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகளால் கட்டளையிடப்பட்டார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலுமிருந்து அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் தொகை ஏறத்தாழ 75,000 என்று கணக்கிடப்படுகிறது. நகையும் காசும் வழியிலே பறிக்கப்பட்டன. பெரும்பாலானோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள்.

எங்கள் குடும்பம் பல வீடுகள் மாறிக் கடைசியில் பட்டினத்தில் வெறுமையாகக் கிடந்த ஒரு முஸ்லிம் வீட்டிலே குடியேறிற்று. யாரோ காட்டிய வீடு. கதவுகள் முன்னமே கழற்றப்பட்டிருந்தன. முற்றத்தில் நாலு தென்னை நின்றது. அப்பாச்சி விழுகிற தேங்காயைப் பொறுக்கி, சமையலுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை விற்பா. விற்ற காசை ஒரு பால்மா ரின்னிலே போட்டு வைப்பா. அம்மா ஒருநாள் அந்தக் காசைக் கேட்டபோது, "மரம் நட்டவை உயிரோடை இருக்கினம். வந்து கேட்டால் கணக்குச் சொல்ல வேணும்" என்றா. அப்பாச்சிக்கு எழுத்து வாசிப்பு அதிகமில்லை. ஆனால் அடுத்தவர் முற்றத்தில் இருக்கிறோம் என்பது ஒருநாளும் அவவுக்கு மறக்கவில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு. நேயர்களே, திகதியைக் கவனியுங்கள். ஐந்து வருடம் கழித்து அதே நாளில், யாழ்ப்பாணப் பட்டினத்துத் தமிழ் மக்கள் எல்லோரும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தோம். ஒரு பாலம், இலட்சக்கணக்கான சனம். அந்த இரவைக் கண்டவர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதை நான் விபரிக்கத் தேவையில்லை. அப்பாச்சியின் பால்மா ரின்னும் எங்களோடு வந்தது. சாவகச்சேரியில் அரிசியும் சீனியும் வாங்கி அந்தக் காசு முடிந்துபோயிற்று. அடுத்த வருடம் அப்பாச்சியும் போய்ச் சேர்ந்தா.

2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, கண்டி வீதி திறந்தது. புத்தளத்திலிருந்து முஸ்லிம்கள் தங்கள் வீடுகளைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். நாங்கள் இருந்த வீட்டுக்காரர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நானும் போனேன். கூரையில்லாத வீட்டின் வாசற்படியிலே ஒரு வயதானவர் இருந்தார். "நானா, நாங்கள் இந்த வீட்டிலை இருந்தனாங்கள்" என்று சொன்னேன். எழுந்து ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏசவில்லை. அப்பாச்சி காசு சேர்த்த கதையையும், அதைச் செலவழித்த கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "புத்தளத்திலை நாங்களும் ஆற்றையோ தென்னங்காணியிலைதான் கொட்டில் போட்டனாங்கள் தம்பி. விழுந்த தேங்காயை நாங்களும் பொறுக்கினனாங்கள்" என்றார்.

சற்றுப் பொறுத்து அவர் இன்னொன்று சொன்னார். "நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கு, அயலிலை ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. கதவைச் சாத்திப்போட்டு இருந்தவை. அதுதான் எனக்கு இப்பவும் விளங்கேல்லை." நான் பதில் சொல்லவில்லை. எனக்கு அப்போது பத்து வயதென்று சொல்லலாம். ஆனால் அவர் என் வயதைக் கேட்கவில்லை. நான் எழுந்திருக்கும்போது, "கீரிமலைக் கேணியிலை தண்ணி நிக்குதோ?" என்று கேட்டார். "தெரியாது நானா. எங்கடை ஊர் பாதுகாப்பு வலயத்துக்கை கிடக்கு. பன்னிரண்டு வருஷமா நானும் பாக்கேல்லை" என்றேன். "அப்ப நீங்களும் எங்களைப் போலத்தான்" என்றார்.

சமாதானத்தைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் எனக்கு மனதில் நிற்பது அதுதான். அது மேடையில் நடக்கவில்லை. ஒருவரும் யாரையும் மன்னிக்கவுமில்லை. ஒருவர் தன் கணக்கைச் சொன்னார், மற்றவர் தன் கணக்கைச் சொன்னார். அதற்குமேல் ஒரு கேள்வி பதிலில்லாமல் நடுவிலே கிடந்தது.

மேடையில் நடந்த பேச்சுகளின் வரலாற்றையும் சற்றுப் பார்ப்போம். 1957 யூலை 26ஆம் திகதி பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 1958 ஏப்ரலில் பிக்குமார் பிரதமரின் வாசலிலே வந்து அமர்ந்தபோது அது கைவிடப்பட்டது. அடுத்த மாதம் இனக்கலவரம் வெடித்தது. 2002இல் நோர்வேயின் அனுசரணையோடு தாய்லாந்தில் தொடங்கிய பேச்சு, அந்த ஆண்டு டிசம்பரில் ஒஸ்லோவில் சமஷ்டித் தீர்வை ஆராய்வது என்ற இணக்கம் வரை போய், 2003 ஏப்ரலில் முறிந்தது. 2008 சனவரியில் போர்நிறுத்தம் முறைப்படி முடிந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த விதம் நாம் எல்லோரும் அறிந்தது.

ஒஸ்லோ என்ற பெயர் எங்களுக்கு முன்பே இன்னொரு மக்களின் வாயில் இருந்தது. இஸ்ரேலியரும் பலஸ்தீனரும் நோர்வேயில் இரகசியமாகப் பேசி எட்டிய உடன்பாடு 1993 செப்ரெம்பர் 13ஆம் திகதி வோஷிங்டனில் கைச்சாத்தாயிற்று. ரபினும் அரபாத்தும் கைகுலுக்கினார்கள். 1995 நவம்பர் 4ஆம் திகதி, தெல் அவிவ் நகரில் சமாதானப் பேரணி ஒன்றில் கலந்துகொண்டு திரும்பும்போது, ரபின் தன் இனத்தவன் ஒருவனாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். எங்கள் நாட்டிலும் 1959இல் பண்டாரநாயக்காவைச் சுட்டவர் ஒரு பௌத்த பிக்கு. பகைவனோடு பேசியவர்களுக்கும், பேச நினைத்தவர்களுக்கும் ஆபத்து பல தடவை சொந்த வீட்டிலிருந்தே வந்திருக்கிறது.

அந்த நாட்டில் தலைவர்களின் பேச்சு முறிந்த பின்பும் நின்றுபோகாத பேச்சு ஒன்று உண்டு. தன் மகனை 1994இல் ஹமாஸ் இயக்கத்தினரிடம் பறிகொடுத்த யிற்சாக் பிராங்கன்தால் என்ற யூதர், அடுத்த ஆண்டு பிள்ளைகளை இழந்த பெற்றோரைச் சேர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். பின்னர் பலஸ்தீனக் குடும்பங்களும் அதில் சேர்ந்தன. அவர்களுள் இருவரை உலகம் அறியும். ரமி எல்ஹனான் என்ற இஸ்ரேலியரின் மகள் ஸ்மடார் 1997இல் ஜெருசலேமில் தற்கொலைக் குண்டுவெடிப்பில் இறந்தாள். பஸ்ஸாம் அரமின் என்ற பலஸ்தீனரின் பத்து வயது மகள் அபீர் 2007இல் இஸ்ரேலியக் காவற்படை சுட்ட ரப்பர் குண்டினால் இறந்தாள். இந்த இரு தகப்பன்மாரும் ஒன்றாகப் பயணம் செய்து, ஒரே மேடையில் அடுத்தடுத்து இருந்து, தங்கள் பிள்ளைகளின் கதையைச் சொல்லி வருகிறார்கள். கொலும் மக்கான் என்ற ஐரிஷ் எழுத்தாளர் 2020இல் வெளியிட்ட நாவல் இவர்களைப் பற்றியதே.

இந்த வகையான கூட்டங்களை எல்லோரும் ஏற்கவில்லை. பலஸ்தீனர் பலர், எங்கள் நிலம் பிடிபட்டிருக்கும்போது கூடியிருந்து தேநீர் குடிப்பதனால், அநியாயம் வழமையான ஒன்றாக ஆகிவிடாதா என்று கேட்கிறார்கள். இஸ்ரேலியர் பலர், எங்களைக் கொன்றவர்களின் பக்கத்தில் எப்படி இருப்பது என்று கேட்கிறார்கள். 2023 ஒக்டோபர் 7ஆம் திகதி தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து காஸாவிலே பல பத்தாயிரம் பேர், பெண்களும் குழந்தைகளுமாகக் கொல்லப்பட்டார்கள். அந்த ஒக்டோபர் 7இல் கொல்லப்பட்டவர்களுள் ஒருவர் விவியன் சில்வர். காஸா நோயாளிகளை இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்ல உதவியவர். சமாதானத்துக்காகப் பெண்கள் இயக்கம் ஒன்றைத் தொடங்கியவர்களுள் ஒருவர். இப்படியான மரணத்துக்குப் பின் பேசுவதால் என்ன பயன் என்ற கேள்வியை யாரும் இலேசாகத் தள்ளிவிட முடியாது.

அந்தக் கேள்வியோடு திரும்பவும் மணிமேகலைக்கு வருகிறேன்.

காப்பியத்தின் முதற் காதையிலே, இந்திரவிழாவுக்கு முரசறைகிறவன் ஊருக்கு இரு கட்டளைகள் சொல்கிறான். பல சமயத்து வாதிகளும் முறையறிந்து பட்டிமண்டபத்தில் ஏறி வாதிடலாம் என்பது ஒன்று. பகைவரே ஆனாலும் அவரோடு கோபமும் கலகமும் செய்யாமல் விலகிப் போகவேண்டும் என்பது மற்றது. இரண்டும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்பதை நாம் கவனிக்கவேண்டும். வாதிட இடமில்லாமல், சண்டை பிடிக்காதே என்று மட்டும் சொன்னால் அது அடக்குமுறை. வாதிட இடமிருந்தும் கலகம் செய்தால் அது காடைத்தனம். 2003 ஒக்டோபரில் கொழும்பு புதிய நகர மண்டபத்தில் சிங்கள, தமிழ்க் கலைஞர்கள் கூடி நடத்திய கலைவிழாவுக்குள் ஒரு கும்பல் புகுந்து குழப்பம் செய்தது. முரசறைந்தவனின் இரண்டாவது கட்டளை அங்கே மீறப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் மாற்றுக் கருத்துச் சொன்னவர்கள் கொல்லப்பட்ட காலம் ஒன்று இருந்தது. முதலாவது கட்டளையை நாங்கள் மீறினோம்.

இந்த நூல் நம் கைக்கு வந்த வரலாறும் கூடிவாழ்தலுக்கு ஒரு சாட்சி. சைவராகிய உ.வே. சாமிநாதையர் 1898இல் இந்தப் பௌத்த நூலைப் பதிப்பித்தார். பௌத்த தத்துவம் விளங்காமல் அவர் திண்டாடியபோது உதவியவர் ரங்காசாரியார் என்ற வைணவ அறிஞர். நமது நாட்டிலும் திருக்குறள் 1960களில் சிங்களத்தில் பெயர்க்கப்பட்டது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலைத் தமிழில் தந்தவர் எம்.எம். உவைஸ் என்ற முஸ்லிம் பேராசிரியர். மேடைகள் எரிந்த காலத்திலும் மேசைகளில் இந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

எனினும், மொழிபெயர்ப்பும் கலைவிழாவும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. கீரிமலைக்குக் கிழக்கே, எங்கள் வலிகாமம் வடக்கிலேயே, தையிட்டி இருக்கிறது. அங்கே தனியார் காணிகளில் இராணுவத்தின் துணையோடு ஒரு விகாரை கட்டப்பட்டு 2023இல் திறக்கப்பட்டது. காணிக்காரர் போயா நாட்களில் அதன் முன் கூடி, எங்கள் நிலத்தைத் தாருங்கள் என்று கேட்டுவந்திருக்கிறார்கள். மற்றவர்களின் ஆசனச் சண்டையைத் தீர்க்க நாகதீபத்துக்கு வந்தவரின் பெயராலே, மற்றவர்களின் காணியில் ஓர் ஆசனம். இதைப் பார்க்கும்போது மகாவம்சத்தின் முதலாவது அத்தியாயத்தை யாராவது இவர்களுக்கு வாசித்துக் காட்டமாட்டார்களா என்று எனக்குத் தோன்றுகிறது. வாசித்தவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காணி தனியாருக்கு உரியது என்று பகிரங்கமாகச் சொன்னவர்களுள் நயினாதீவு நாகவிகாரையின் விகாராதிபதியும் ஒருவர்.

தையிட்டியைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்றால், நானிருந்த அந்த வீட்டைப் பற்றியும் பேசவேண்டிய கடமை எனக்கு உண்டு. என் ஊரை மற்றவர் பிடித்ததைச் சொல்லும் வாயாலே, மற்றவரின் முற்றத்திலே நானிருந்ததையும் சொல்லவேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கினால் அது வழக்காடுதல். சமாதானப் பேச்சு ஆகாது. இரண்டையும் சொன்னால் என் நியாயம் குறைந்துபோகும் என்று சில நண்பர்கள் அஞ்சுகிறார்கள். அப்பாச்சி காசு சேர்த்ததால் எங்கள் குடும்பத்தின் இழப்பு குறைந்துபோகவில்லை. கீரிமலையில் எங்கள் வீடு உடைந்தது உடைந்ததுதான். ஆனால் 2002இல் அந்த வாசற்படியிலே அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் தைரியம் தந்தது அந்த ரின்தான்.

மணிபல்லவத்தில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று பீடிகை. மற்றது கோமுகிப் பொய்கையில் கிடந்த அமுதசுரபி. பீடிகையை இரு பேரரசர்களாலும் அசைக்க முடியவில்லை. அமுதசுரபியோ வைகாசி விசாகத்தன்று தானாக மேலெழுந்து ஒரு பெண்ணின் கையில் வந்து சேர்ந்தது. அந்தப் பாத்திரத்துக்கு முன்பு உரியவனாயிருந்த ஆபுத்திரன், ஆளில்லாத அந்தத் தீவிலே தனித்து விடப்பட்டபோது, உண்பதற்கு யாருமில்லாத பாத்திரத்தை வைத்து என்ன செய்வது என்று பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறந்தான். மற்றவர்களை வெளியேற்றிவிட்டு ஒரு மண்ணை முழுதாக வைத்திருக்க நினைக்கிறவர்கள் இந்த இடத்தைப் படிக்கவேண்டும். அட்சய பாத்திரம் கையில் இருந்தாலும் பக்கத்தில் ஆளில்லாத தீவு வாழ்வதற்கு உரிய இடமல்ல.

மணிமேகலை அந்தப் பாத்திரத்தோடு புகாருக்குத் திரும்பிப் பசித்தவர்களுக்குச் சோறிட்டாள். பிறகு அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள். அவள் போதித்தது பின்னால்தான். முதலில் சோறு, அடுத்துச் சிறைக்கதவு, அதற்குப் பிறகே தத்துவம். நமது நாட்டிலும் இந்த வரிசையைக் கடைப்பிடித்திருந்தால் நல்லிணக்கம் என்ற சொல் இவ்வளவு தேய்ந்திராது. பிடித்த காணி உரியவர்களிடம் சேரவேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்குப் பதில் சொல்லப்படவேண்டும். திரும்பிவரும் முஸ்லிம் குடும்பத்துக்கு வீடும் அயலும் கிடைக்கவேண்டும். இவை நடக்கும்போது பேச்சு தானாக நடக்கும். இவை நடக்காவிட்டாலும் பேச்சை நிறுத்திவிடக் கூடாது. ஏனெனில் இவற்றைக் கேட்பதற்கும் பேச்சைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. மற்ற வழியின் விலையை நாம் கண்டுவிட்டோம்.

நான் இப்போது மீண்டும் கீரிமலையில் இருக்கிறேன். நகுலேஸ்வரத்துக்கு 2012இல் குடமுழுக்கு நடந்தது. வலிகாமம் வடக்கில் ஒரு பகுதி நிலம் இன்னும் விடுபடவில்லை. கேணியில் தண்ணீர் நிற்கிறது. தெற்கிலிருந்து பஸ்ஸில் வரும் சிங்களப் பையன்கள் கரையிலிருந்து குதித்துக் குளிக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஊரின் கதை தெரியாது. சில நாட்களில் அது எனக்குக் கோபத்தைத் தருகிறது. சில நாட்களில், தெரிந்த சிங்களத்தில், இங்கே என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்குகிறேன். நின்று கேட்பவர்களும் உண்டு. கேளாமல் போகிறவர்களும் உண்டு.

அந்த நானாவை அதற்குப் பிறகு நான் காணவில்லை. கேணியில் தண்ணீர் நிற்கிறது என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அவருடைய மற்றக் கேள்விக்கும், அயலவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்ற அந்தக் கேள்விக்கும், நாங்கள் பதில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றும் சொல்லவேண்டும். அவர் இந்த ஒலிபரப்பைக் கேட்பாரோ தெரியாது. அவருடைய பிள்ளைகள் யாராவது கேட்கக்கூடும் என்றுதான் இன்று இதைப் பேசினேன்.

என் மாணவனுக்கும் அடுத்த வகுப்பில் ஒரு விடை சொன்னேன். "அந்த ரெண்டு அரசரும் ஊருக்குத் திரும்பிப் போயிருப்பினம். பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தப் பீடிகையைக் கும்பிட ஒரே வள்ளத்திலை வந்திருப்பினம்" என்றேன். "புத்தகத்திலை இருக்கோ சேர்?" என்று கேட்டான். "இல்லை" என்றேன்.